சதுர அடி 110-ஆ, 185-ஆ? வாசல் தளத்துக்கு வந்த மூன்று விலைகள்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசல் 30 அடி நீளம், 20 அடி அகலம். மொத்தம் 600 சதுர அடி. ஐப்பசி மழையில் கணுக்கால் வரை புதையும். அதே மண் பங்குனியில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். சம்பா அறுத்ததும் நெல்லைக் காயப்போட இடம் வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை திரும்பி வந்துவிடும், அல்லது அவர்கள் தளர்வு அறிவிக்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அதற்கடுத்து உளுந்து வந்துவிடும். இத்தனை நாளும் தார்ரோட்டில்தான் காயவைத்தோம். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் வழுக்கி விழுவதைப் பார்த்த பிறகு அது மனதுக்கு ஒப்பவில்லை. வாசலுக்கு காங்கிரீட் போட்டுவிடுவது என்று முடிவுசெய்து மூன்று பேரிடம் விலை கேட்டோம்.

முதலாமவர் உள்ளூர்க் கொத்தனார். வாசலை ஒரு சுற்று சுற்றி வந்தார், "மெட்டீரியலோட சதுர அடி 110 போட்டுக்கலாம்ணே" என்றார். 66,000 ரூபாய். இரண்டாமவர் மன்னார்குடிப் பக்கத்து காண்ட்ராக்டர். டேப் பிடித்து அளந்தார், கடப்பாரையால் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார், மூன்றாம் நாள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். சதுர அடி 185, மொத்தம் 1,11,000. மூன்றாவது ஒரு மேஸ்திரி. பொருளெல்லாம் நாங்கள் வாங்கிப் போட வேண்டும், கூலி மட்டும் சதுர அடிக்கு 45, அதாவது 27,000.

வீட்டில் எல்லாருக்கும் முதல் விலைதான் பிடித்தது. ஒரே வாசலுக்கு 45,000 ரூபாய் வித்தியாசம் என்றால், அதிகம் சொன்னவர் கொள்ளையடிக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் சித்தப்பா வீட்டு வாசல் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் போட்ட தளம் இரண்டு மழைக்காலம்தான் தாங்கியது. நடுவில் குறுக்காகப் பிளந்து, ஒரு பக்கம் முக்கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விரிசலில் கடப்பாரையை விட்டுப் பெயர்த்துப் பார்த்தபோது நடுவில் தடிமன் இரண்டு அங்குலம்கூட இல்லை. ஓரத்தில் மட்டும் நான்கு அங்குலம் தெரிந்தது. பலகை கட்டிய இடத்தில் தடிமனாகவும் உள்ளே மெலிவாகவும் போட்டிருக்கிறார்கள்.

அதனால் மூன்று பேரையும் மறுபடி கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேட்டேன். தடிமன் எவ்வளவு? கலவை என்ன விகிதம்? அடியில் என்ன போடுவீர்கள்? கம்பி உண்டா? விரிசலை அடக்க எந்த இடத்தில் வெட்டு விடுவீர்கள்? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும்வரை சதுர அடி விலைக்கு அர்த்தமே கிடையாது. 110-ம் 185-ம் ஒரே பொருளின் இரண்டு விலை இல்லை. அவை இரண்டு வேறு பொருள்கள்.

முதலாமவரின் பதில் இது: மூன்று அங்குலத் தளம், ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு கலவை (ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி), இருக்கிற மண்ணை மட்டப்படுத்தி மேலே மெல்லிசாக எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), கம்பி கிடையாது. இரண்டாமவர் தாளில் இப்படி இருந்தது: வண்டல் மண்ணைச் சீவி எடுத்துவிட்டு, வல்லம் பக்கத்துச் செம்மண் கிராவல் ஆறு அங்குலம் போட்டுத் தண்ணீர் விட்டுத் திமிசால் இடித்து இறுக்குவது. அதன் மேல் ஒன்றரை அங்குல ஜல்லியில் ஒன்றுக்கு நான்குக்கு எட்டு அடித்தளம் மூன்று அங்குலம். அதற்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு, எட்டு அங்குல இடைவெளியில் 8 மி.மீ. கம்பி வலை, முக்கால் அங்குல ஜல்லியில் எம்-20 (காங்கிரீட்டின் வலிமைத் தரம்) தளம் நான்கு அங்குலம். மேஸ்திரி, "நீங்க எதை வாங்கிப் போட்டாலும் அதைப் போட்டுத் தர்றேன்" என்றார். நியாயமான பதில்தான், ஆனால் எதைப் போடுவது என்ற பொறுப்பு முழுக்க நம் தலையில்.

இனி மூட்டைக் கணக்கு. இதைப் போடத் தெரிந்தால் எந்த எஸ்டிமேட்டையும் பிரித்துப் பார்த்துவிடலாம். நான்காம் வகுப்புக் கணக்குதான்.

600 சதுர அடியில் நான்கு அங்குலம் என்றால் 200 கன அடி காங்கிரீட். சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றும் கலக்கும்போது இடுக்குகள் நிரம்பிச் சுருங்கும். அதனால் உலர்ந்த பொருளாக 1.54 மடங்கு, 308 கன அடி வேண்டும். எம்-20-க்கு வழக்கமான விகிதம் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று, கூட்டினால் ஐந்தரை. 308-ஐ ஐந்தரையால் வகுத்தால் 56 கன அடி சிமெண்ட். ஒரு மூட்டை ஒன்றேகால் கன அடி, ஆகவே 45 மூட்டை. மணல் 84 கன அடி, ஜல்லி 168 கன அடி. நம் பக்கத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அப்படியானால் மணல் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், ஜல்லி ஒன்றே முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இதே மாதிரி அடித்தளத்துக்குப் போட்டால் சிமெண்ட் 14 மூட்டை, மணல் 71 கன அடி, ஒன்றரை ஜல்லி 142 கன அடி. கம்பிக்கு எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. கம்பிக்கு அது 0.395 கிலோ. எங்கள் வாசலுக்கு கம்பியோடு கம்பி ஒட்டுப் போடும் நீளமும் சேர்த்து 230 கிலோ வந்தது.

எனக்குக் கிடைத்த உள்ளூர் விலையை இதோடு பெருக்கினேன். சிமெண்ட் மூட்டை 340, எம்-சாண்ட் யூனிட் 6,000, முக்கால் ஜல்லி 5,000, ஒன்றரை ஜல்லி 4,500, கம்பி கிலோ 60, கிராவல் யூனிட் 2,500. இடித்து இறுகும்போது குறையும் என்பதால் ஆறு அங்குலத்துக்குக் கிராவல் நான்கு யூனிட் ஆகும். எல்லாம் கூட்டினால் பொருள் மட்டும் சுமார் 68,000. கலவை மெஷின் வாடகை, பலகை, விரிப்பு, கட்டுக்கம்பி என்று 4,000. மேஸ்திரி சொன்ன கூலி 27,000-ஐயும் சேர்த்தால் 99,000. இரண்டாமவர் கேட்டது 1,11,000. அவர் கையில் நிற்பது 12,000, செலவில் 12 சதவீதம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப் பகுப்பாய்வில் காண்ட்ராக்டரின் லாபத்துக்கும் மேல்செலவுக்கும் சேர்த்து 15 சதவீதம் வைக்கிறார்கள். அதற்குள்தான் இவர் இருக்கிறார். கொள்ளை என்று நினைத்த விலை நேர்மையான விலையாக வந்து நின்றது.

இப்போது முதலாமவரின் 110. மூன்று அங்குலம் என்றால் 150 கன அடி. ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கில் சிமெண்ட் 26 மூட்டை, மணல் 66 கன அடி, ஜல்லி 132 கன அடி. பொருள் சுமார் 19,400. அடியில் போடும் எம்-சாண்டுக்கு 5,000, சில்லறைச் செலவு 3,000. ஒரே அடுக்கு வேலை, கம்பி கட்டுவது இல்லை, மண் வெட்டுவது இல்லை, ஆகவே கூலி சதுர அடிக்கு 28 வைத்தால் 16,800. ஆகமொத்தம் 44,200. அவர் கேட்டது 66,000. மீதம் 21,800, செலவில் ஏறக்குறைய பாதி. குறைந்த விலை சொன்னவருக்குத்தான் லாபம் அதிகம்! இந்தக் கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொன்னார். ஆனால் மூன்று அங்குலத்துக்கு நியாயமான விலை 80, 85 ரூபாய்தான். 110 அதற்குக் கூடுதல்.

மூன்று அங்குலம் போதாதா என்ற கேள்வி வரும். மண்ணைப் பொறுத்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் மேட்டில், நடப்பதற்கும் சைக்கிள் நிறுத்துவதற்கும் மட்டும் என்றால் மூன்று அங்குலம் நன்றாகவே கிடக்கும். நம் களிமண் அப்படிப்பட்டது இல்லை. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆற்றில் தண்ணீர் வந்து நிலத்தடி மட்டம் ஏறினாலே வாசல் மண்ணின் குணம் மாறிவிடுகிறது. மேலே தளம் போட்டால் நடுப்பகுதி மழை படாமல் ஒரே ஈரத்தில் இருக்கும். ஓரங்கள் மட்டும் நனைந்து உப்புவதும் காய்ந்து இறங்குவதுமாக இருக்கும். சித்தப்பா வீட்டுத் தளத்தை அந்த ஏற்ற இறக்கம்தான் பிளந்தது. டெல்டாவில் வாசல் தளத்தின் ஆயுள், மேலே தெரிகிற சிமெண்டைவிட அடியில் இருக்கிற கிராவலைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. எஸ்டிமேட்டில் முதலில் வெட்டப்படுவதும் அந்த வரிதான். மூடிய பிறகு யார் கண்ணிலும் படாது அல்லவா?

விலை ஏன் இத்தனை என்று மலைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். நம் பக்கம் பாறை கிடையாது. ஜல்லியும் எம்-சாண்டும் புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரி ஏறி வர வேண்டும். பெரம்பலூரில் இருக்கிற மச்சான் சொன்ன விலையை வைத்து நம் ஊர் கொத்தனாரிடம் வாதாடக் கூடாது. குவாரி விலையோடு வண்டி வாடகையும் சேர்ந்துதான் அது இங்கே வந்து இறங்குகிறது. சிமெண்ட் விஷயத்தில் மட்டும் ஒன்று கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய எஸ்டிமேட்டையே தேதி மாற்றிக் கொடுத்தால் மூட்டை விலையை மறுபடி கேளுங்கள். அப்புறம், சொன்ன விலை வரி சேர்த்ததா, பில் வருமா என்பதையும் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். கடைசியில் "அது தனி" என்று வந்தால் சங்கடம்.

கூலி காண்ட்ராக்ட் எடுத்துப் பொருளை நாமே வாங்கினால் அந்த 12,000 மிச்சமாகுமே என்று எனக்கும் ஆசை வந்தது. கணக்கில் மிச்சம் உண்மைதான். ஆனால் வேலை நடக்கும் ஒரு வாரமும் ஒரு ஆள் வாசலிலேயே நிற்க வேண்டும். லோடு வந்தால் லாரித் தொட்டிக்குள் ஏறி நீளம், அகலம், உயரம் மூன்றும் அளந்து பெருக்கி 100-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் குவிந்து ஓரத்தில் சரிந்திருந்தால் பரப்பிவிட்டு அளக்க வேண்டும். ஜல்லி வரத் தாமதமானால் வந்த ஆட்களின் கூலி நம் கணக்கில் ஏறும். கடைக்காரர் காண்ட்ராக்டருக்குத் தருகிற மூட்டை விலையை நமக்குத் தருவதில்லை. மிஞ்சிய அரை யூனிட் மணல் மழையில் கரையும். என் தம்பி ஊரிலேயே இருந்திருந்தால் நான் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். மூன்று வழிகளில் பொருளின் தரம் முழுக்க நம் கையில் இருப்பது இதில்தான். வேலைக்குப் போகிற வீட்டுக்கு இது ஒத்துவராது.

ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் காங்கிரீட் பற்றியும் விசாரித்தேன். எங்களுக்கு வேண்டிய 200 கன அடி என்பது சுமார் 5.7 கன மீட்டர், ஒரே வண்டிக் கணக்கு. தரம் சீராக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் கொட்டி முடித்துவிடலாம். தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்து வீடாக இருந்தால் அதையே போட்டிருப்பேன். எங்கள் தெருவுக்கு வர வாய்க்கால் மதகைத் தாண்ட வேண்டும். அத்தனை பாரத்தை அது தாங்காது. கலவை ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும் என்பதும் கிராமத்துக்கு இடைஞ்சல்.

பேவர் பிளாக் மலிவு, பார்க்கவும் அழகு. மண் உப்பினால் கல் கொஞ்சம் ஏறி இறங்கும், உடையாது. எடுத்து மறுபடி பதிக்கலாம். களிமண்ணுக்கு உண்மையில் அது நல்ல குணம். ஆனால் நெல்லும் உளுந்தும் காயப்போடும் வாசலுக்கு ஆகாது. இடுக்கெல்லாம் தானியம் போய் உட்காரும், முதல் மழைக்கு முளைத்து நிற்கும். தினமும் தெளித்துக் கோலம் போடுகிற அம்மாவும் வேண்டாம் என்றுவிட்டார்.

ஆக, இரண்டாமவர்தான். அவர் தாளையும் அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை, உட்கார்ந்து பேசினோம். கம்பி வலை 600 சதுர அடிக்கும் தேவையா என்று கேட்டேன். வண்டி நிற்கிற 12 அடிக்கு 20 அடி இடத்துக்கு மட்டும் போதும் என்று ஒப்புக்கொண்டார். தரையில் கிடக்கிற தளத்தில் கம்பி, விரிசல் அகலமாகாமல் பிடித்து வைக்கும்; விரிசலே வராமல் தடுக்காது. அதுவும் கவர் பிளாக் என்ற சிறு சிமெண்ட் கட்டைகளை அடியில் வைத்துத் தூக்கிக் கட்டினால்தான். விரிப்பின் மேல் கிடக்கிற கம்பியின் மேலேயே கலவையைக் கொட்டினால் 14,000 ரூபாய் இரும்பைப் புதைத்ததுதான் மிச்சம். இதில் 8,000 ரூபாய்க்கு மேல் குறைந்தது. அதில் 5,000-ஐக் கிராவலுக்குத் திருப்பினோம், ஆறு அங்குலம் ஒன்பது அங்குலமானது. இறுதி விலை 1,08,000, சதுர அடிக்கு 180.

அவர் தாளில் விட்டுப்போயிருந்தது வெட்டு. நான்கு அங்குலத் தளத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு அடிக்கு ஒரு வெட்டு வேண்டும், ஆழம் தடிமனில் கால் பங்கு, அதாவது ஒரு அங்குலம். காங்கிரீட் காயும்போது எப்படியும் சுருங்கும். நாம் கோடு போட்டுக் கொடுத்தால் அந்தக் கோட்டில் விரியும், இல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். எங்கள் வாசலைப் பத்துக்குப் பத்தாக ஆறு கட்டமாகப் பிரித்தோம். தளம் போட்ட மறுநாளுக்குள் வெட்டிவிட வேண்டும் என்று எழுதினோம். வீட்டுச் சுவரோடு தளத்தை ஒட்டாமல் அரை அங்குல இடைவெளியும் உண்டு. வீடு அஸ்திவாரத்தில் நிற்கிறது, வாசல் மண்ணில் கிடக்கிறது, இரண்டும் ஒரே மாதிரி அசையாது. வாட்டம் வீட்டிலிருந்து தெருப் பக்கம் 20 அடிக்கு இரண்டரை அங்குலம். அதற்கு மேல் சாய்த்தால் நெல் கிளறும்போது சரியும்.

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருந்தேன். கலவை இலகுவாக ஓட வேண்டும் என்று பக்கெட் பக்கெட்டாக ஊற்றுவதுதான் நல்ல கலவையைக் கெடுக்கிறது. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன்படி எம்-20-க்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்சம், மணலில் உள்ள ஈரமும் அதற்குள் அடக்கம். வேதாரண்யம், தலைஞாயிறு, நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் தண்ணீரின் உப்பையும் பார்க்க வேண்டும். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்கிறது அதே விதி. கம்பி இல்லாததற்கு 2,000 வரை போகலாம். கிணற்றுத் தண்ணீர் கரித்தால் கம்பியை விட்டுவிட்டு அந்தக் காசில் கிராவலைக் கூட்டுவதே நல்லது, இல்லையென்றால் லாரித் தண்ணீர்.

எப்போது போடுவது என்பதும் விலையில் சேர்ந்த விஷயம்தான். சித்திரை வெயிலில் ஆட்கள் கிடைப்பார்கள், ஆனால் மண் வெடித்துச் சுருங்கிக் கிடக்கும்போது தளம் போட்டால் மழையில் அது உப்பித் தளத்தைத் தூக்கும். மேல்பரப்பும் நிமிடத்தில் காய்ந்து மயிரிழை விரிசல் விடும். ஐப்பசி, கார்த்திகை சொல்லவே வேண்டாம். மண்ணில் ஓரளவு ஈரம் இருக்கிற தை, மாசிதான் சரியான நேரம். அறுவடை நேரம், ஆட்கூலி கொஞ்சம் ஏறும். அதற்காக ஒரு 2,000 கூடப் போனாலும் கொடுக்கலாம்.

ஒரு முழுத் தாளில் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். கிராவல் ஒன்பது அங்குலம், இடித்த பிறகு அளப்பது. சிமெண்ட் 59 மூட்டை, வெறும் சாக்குகளை எங்களிடம் எண்ணிக் கொடுப்பது. நூல் கட்டி ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் நான்கு அங்குலம் காட்டுவது. பணம் நான்கு தவணை: அட்வான்ஸ் 20,000, கிராவல் இறுகியதும் 30,000, தளம் போட்ட அன்று 43,000, மீதி 15,000 தளத்தை ஈரமாகவே வைத்துத் தண்ணீர் ஆற்றி முடிந்து வெட்டுகளையும் வாட்டத்தையும் பார்த்த பிறகு. கடைசித் தவணையைக் கேட்டதும் அவர் கொஞ்சம் யோசித்தார். "வேலையைப் பாத்துட்டுக் குடுங்க, எனக்கு அதுல பயமில்ல" என்றார். தண்ணீர் ஆற்றுவது மட்டும் எங்கள் பொறுப்பு. சாம்பலோ கசடோ சேர்த்த கலப்பு சிமெண்டுக்கு விதி சொல்வது குறைந்தது 10 நாள், நாங்கள் 14 நாள் நிறுத்தப்போகிறோம். களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டு, மேலே வைக்கோல் பரப்ப வேண்டும். இந்த வருஷ வைக்கோலில் ஒரு கட்டு அதற்காகவே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.